இடது சீட்டில் இருந்தவர்

சிட்லபாக்கத்தில் எங்கள் எதிர் வீட்டில் ஒரு மாஸ்டர் இருந்தார். பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இந்தப் பக்கத்து ஜனங்களில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்த மனிதர் தானே கார் ஓட்டி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

முதலில் எனக்கும் இது உறைக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் கார் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். காலை ஆறு மணிக்கு முதல் ஆள் ஸ்கூட்டியில் வந்து வலது பக்கம் ஏறுவார், மாஸ்டர் இடது பக்கம் ஏறுவார். அந்த ஆள் இரண்டாவது ஆளின் வீடு வரை ஓட்டிவிட்டுப் பின்சீட்டுக்குப் போய், வண்டி மறுபடி இந்தப் பக்கம் வரும்போது இறங்கிக்கொள்வார். இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளின் வீடு வரை ஓட்டுவார். இப்படியே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று சுற்றி, சாயங்காலம் கடைசி ஆள் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போவார். நாள் முழுக்க வலது சீட்டில் உட்கார வேண்டிய அவசியமே அவருக்கு வராது. கடைகண்ணிக்குப் போக ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார்.

"நீங்க ஓட்டி நான் பார்த்ததே இல்லையே மாஸ்டர்" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் ஓட்டறதுன்னா நீங்க இன்னாத்துக்கு டீச்சர்?" என்றார்.

நான் இங்கே ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. போகும்போது காரைப் போர்ட்டிகோவில் நிறுத்தி, மேலே ஒரு உறையைப் போட்டுவிட்டுப் போனார். வாராவாரம் பேட்டரி இறங்கும், வாராவாரம் மெக்கானிக் வருவார். இந்தப் பிடுங்கல் தாங்காமல்தான் நாற்பத்தி மூன்று வயதில் நான் மாஸ்டரிடம் போய் நின்றேன்.

முதல் இரண்டு நாள் அவர் காரைக் கண்ணிலேயே காட்டவில்லை. அவர் வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். வலது நாற்காலியில் நான், இடது நாற்காலியில் அவர். எதிரே எங்கள் வீட்டுக் கேட். பால்காரர் போகிறார், பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே பார்க்கிறார். நான் ஒரு பள்ளிக்கூட டீச்சர், காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மானம் போயிற்று.

"மனசுல ஓட்டுங்க டீச்சர். மனசுல ஓட்டாம ரோட்டுல ஓட்ட முடியாது. கிளட்ச்ச முழுசா அமுக்குங்க. எடது கை கியர் மேல. மொத கியர்."

நான் காற்றில் கையைத் தள்ளினேன். மாஸ்டர் முகத்தைச் சுளித்தார்.

"மூணாவதுல போட்டுட்டீங்க. கிர்ருன்னு கத்துது பாருங்க."

வெறுங்காற்றில் என் கை எந்தக் கியரில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் திடீரென்று சிமெண்டுத் தரையில் ஓங்கிக் காலை ஊன்றினார். நான் பயந்துபோய் என்ன என்று கேட்டேன். "பஸ்ஸு வந்துகினு கீது, நீங்க பாட்டுக்குப் போறீங்களே" என்றார். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் எனக்காகப் பிரேக் அடித்திருக்கிறார், பாவம். என் இரண்டு வளையலும் கியரில் இடிக்கும் என்று அவற்றைக் கழற்றச் சொன்னார். கல்யாணத்துக்கு அம்மா போட்டது, கழற்ற மாட்டேன் என்றேன். அதன் பிறகு கியர் மாற்றும்போதெல்லாம் அந்தச் சத்தம் காதில் விழுகிறது என்று குறைபட்டுக்கொண்டே இருந்தார், நாற்காலியிலும் சரி, காரிலும் சரி.

காரில் ஏறிய பிறகு அவரிடம் ஒரு வாக்கியம்தான் உண்டு. லாரி நெருங்கும், என் கை வேர்க்கும், காலை எங்கே வைப்பது என்று மறந்துபோகும். அவர் ஜன்னலோரம் சாய்ந்தபடி, "நீங்க ஓட்டுங்க. நான் கீறேன் இல்ல" என்பார். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருந்தன. அவர் வலது கால் பிரேக்குக்கு மேல், படாமல், ஒரு விரற்கடை உயரத்திலேயே நிற்கும். அந்தக் காலை நம்பித்தான் நான் வண்டி ஓட்டினேன். இவ்வளவு ஆண்டுகளில் எனக்கு அப்படிப்பட்ட தைரியத்தை வேறு யாரும் கொடுத்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி இட்லி மாவு அரைத்து விற்பவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா கிரைண்டரில் உளுந்து போடுவார், மாஸ்டர் பக்கத்தில் நிற்பார். "தண்ணி வுடு. போதும். இப்ப தள்ளிவுடு" என்பார். ஒரு கை கொடுக்க மாட்டார். சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. கண் அப்படியே அக்காவின் கையிலேயே இருக்கும்.

"இந்த மனுசன் ஒரு வேலையும் செய்ய மாட்டாரு டீச்சர். பக்கத்துல நின்னு செய்ய வெப்பாரு. சாமி கும்புடச் சொல்லோ கூட, கற்பூரத்த நான்தான் ஏத்தணும், இவரு எப்டி ஏத்தறதுன்னு சொல்லுவாரு" என்று அக்கா சிரிப்பார்.

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதுவும் காரிலேயே, இடது சீட்டிலேயே வந்தது. அன்று ஓட்டியவர் சேலையூரில் தையல் கடை வைத்திருந்த ஒரு பெண்மணி, அவருக்கு எட்டாவது நாள் வகுப்பு. வண்டி திணறி நின்றுவிட்டது. மாஸ்டர் தன் பக்கத்துக் கிளட்சை மிதிக்கப் பார்த்திருக்கிறார், இடது கால் வரவில்லை. இடது கை மடியிலிருந்து நழுவிக் கீழே தொங்கியது. வாய் ஒரு பக்கம் கோணியது. அந்தப் பெண்மணி அழ ஆரம்பித்துவிட்டார். மாஸ்டர் குழறிய நாக்கோடு அவரை வண்டியை எடுக்கச் சொல்லி, முதல் கியர், இரண்டாவது கியர், இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஆஸ்பத்திரி வாசல் வரை ஓட்ட வைத்துவிட்டார். ஸ்டிரெச்சரில் ஏற்றும்போது கூட, வண்டியைக் கோணலாக நிறுத்தியிருப்பதாகச் சொன்னாராம். அந்தப் பெண்மணி இதை என்னிடம் சொல்லிவிட்டு, மறுபடியும் அழுதார்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். பேச்சு தெளிந்துவிட்டது. கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, இழுத்து இழுத்து நடந்தார். இடது கை மட்டும் வரவில்லை. தலையணையின் மேல் வைத்தால் வைத்த இடத்தில் கிடந்தது.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஆப்பிள் பையோடு பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான். போகும்போது வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பொங்கல் வரைக்கும் உன் எடத்துல வேற ஆளப் போட மாட்டேன். பொங்கலுக்குள்ள நீயே வண்டிய எடுத்து, என்ன பக்கத்துல உக்கார வெச்சிகினு கேம்ப் ரோடு வரைக்கும் போய்ட்டு வந்துடு. அது போதும். நாலு பேரு உயிரு பாரு, தப்பா எடுத்துக்காத."

இதில் தப்பாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் மாஸ்டருக்கு அந்த இடது சீட்டைத் தவிர உலகத்தில் வேறு இடம் கிடையாது. பொங்கலுக்கு இன்னும் பதினோரு வாரம் இருந்தது. அதற்குள் இடது கை கியரைப் பிடிக்க வேண்டும்.

பிசியோதெரபிக்கு ஒரு பெண் வாரம் மூன்று நாள் வீட்டுக்கே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், பொறுமைசாலி. மேஜை மேல் துண்டை விரித்து, அதன் மேல் அவர் கையை வைத்து முன்னும் பின்னும் தள்ள வைப்பாள். எவர்சில்வர் டம்ளரைப் பிடிக்க வைப்பாள். அதோடு ஒரு தாளையும் கொடுத்தாள். தினமும் அரை மணி நேரம், அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையைத் தூக்குவதாக, நீட்டுவதாக, பிடிப்பதாக மனத்துக்குள் செய்து பார்க்க வேண்டும், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாளை வாசிக்க வேண்டும். அக்காவுக்கு அந்த நேரத்தில் மாவு வியாபாரம். நான் நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்துவிடுவேன், நான் வாசிக்கிறேன் என்றேன்.

"மேடம், கை கெட்டுப்போகல" என்று அந்தப் பெண் எனக்கு விளக்கினாள். "கைக்கு ஆர்டர் போடுற இடம் மூளையில அடிபட்ருக்கு. கையைத் தூக்குற மாதிரி மனசுல நல்லா உணர்ந்து பார்த்தா, அந்த இடத்தைச் சுத்தி இருக்குற பகுதிகளும் கொஞ்சம் வேலை செய்யும். எக்சர்சைஸோட இதையும் சேர்த்துச் செஞ்சா சிலருக்கு நல்ல பலன் தெரியுது."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"அப்படிச் சொல்ல முடியாது. ஆனா முதல் சில மாசம் ரொம்ப முக்கியம். அதை விட்டுடக் கூடாது."

மாஸ்டர் கட்டிலில் இருந்தபடி சிரித்தார். ஒரு பக்கச் சிரிப்பு. "மனசுல ஓட்டறதுதானே? இத நான் எல்லாருக்கும் சொல்லிகினு வரேன். இன்னா டீச்சர்?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த வைத்தியத்துக்கென்றே பிறந்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அது இவர்தான் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தத் தாளை இரண்டு நாள் வாசித்தேன். மூன்றாவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை. யாரோ இங்கிலீஷிலிருந்து தமிழில் தள்ளிவிட்ட எழுத்து. 'உங்கள் தோள்பட்டையானது முன்னோக்கிச் செல்வதைக் கற்பனை செய்யவும்' என்று இருந்தது. பிள்ளைகள் எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். அதிலும் ஒரு வரி இருந்தது: 'உங்கள் கையை வெளியிலிருந்து பார்க்க வேண்டாம், கையின் கனத்தையும் சூட்டையும் உள்ளிருந்து உணரவும்.' இதைப் போய் யார் மண்டையில் ஏற்ற முடியும் என்று தோன்றியது. மாஸ்டர் கொட்டாவி விட்டார். டம்ளரைத் தூக்குவதில் அவருக்கு என்ன ஆர்வம் இருக்க முடியும்?

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து நானே எழுதினேன். நல்ல தமிழில், அவருக்குப் பழகிய பேச்சில் எழுதினேன். டம்ளரும் துண்டும் வேண்டாம். கார் இருக்கட்டும், கியர் இருக்கட்டும். அவர் எனக்கு நாற்காலியில் சொன்ன வார்த்தைகளையே வரிசையாகப் போட்டேன். பாடக் குறிப்பு எழுதிப் பழகிய கை, இரண்டு பக்கம் மளமளவென்று வந்துவிட்டது. அந்தப் புரியாத வரியை விட்டுவிட்டேன். பிசியோ பெண்ணிடம், கார் ஓட்டுகிற மாதிரி மாற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவருக்குப் பிடித்த வேலையாக இருந்தால் இன்னும் நல்லதுதான் என்றாள். நான் எதை விட்டேன் என்று அவளிடம் காட்டவில்லை.

அதன் பிறகு மாஸ்டருக்குக் கொட்டாவியே வரவில்லை. நான் அவர் கட்டிலுக்கு வலது பக்கம் நாற்காலி போட்டுக்கொள்வேன். "கண்ணை மூடுங்க மாஸ்டர். வண்டி வாசல்ல நிக்குது. கிளட்சை முழுசா அமுக்குங்க. இடது கை கியர் மேல. முதல் கியர்" என்று வாசிப்பேன். அவர் முகம் மாறும். நெற்றியில் வேர்வைகூட வரும். நடுவில் என்னை நிறுத்துவார்.

"இண்டிகேட்டர் போடல."

"நாய் வருது, ஹாரன் அடிங்க."

"செம்பாக்கம் ஏரி தாண்டியாச்சு, இங்க பள்ளம் கீது, ரெண்டாவதுக்கு எறக்குங்க."

நான் சிரிப்பேன். எவ்வளவு துல்லியமாக ஓட்டுகிறார் என்று அக்காவிடம் போய்ப் பெருமையடிப்பேன். அவர் ஓட்டவில்லை, யாருக்கோ சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஏழு வாரம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் கூட நான் தவறவில்லை, மழைக்காக லீவு விட்ட நாளிலும் குடை பிடித்துக்கொண்டு தெருத் தண்ணீரில் இறங்கிப் போனேன். தோள் கொஞ்சம் அசைந்தது. விரல்கள் அசையவில்லை.

அரையாண்டு விடுமுறை விட்டிருந்தது. பிசியோ பெண் வந்த நேரத்தில் நானும் இருந்தேன். எப்படிச் செய்கிறார் என்று பார்க்கிறேன், வாசியுங்கள் மேடம் என்றாள். நான் வாசித்தேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். கியர் மாற்றும் இடம் வந்ததும் அவள் என்னை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"அங்கிள், கண்ணைத் திறக்காதீங்க. கை இப்ப எங்க இருக்கு?"

"கியர் மேல கீது."

"எப்படி இருக்கு? கனமா இருக்கா, சூடா இருக்கா?"

மாஸ்டர் மூடிய கண்ணை இன்னும் இறுக்கினார்.

"அதெல்லாம் தெர்லமா. வளையல் போட்னு கீது."

அந்தப் பெண் என் கையைப் பார்த்தாள். நானும் என் கையைப் பார்த்தேன். தாளைப் பிடித்திருந்த இடது கையில் அம்மா போட்ட வளையல் இரண்டும் கிடந்தன.

"அங்கிள், கார் ஜன்னல் உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

"எடது பக்கம்."

"நீங்க வலது சீட்ல உட்காரலையா?"

மாஸ்டர் கண்ணைத் திறந்துவிட்டார். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அது டீச்சர் சீட்டாச்சே" என்றார்.

ஏழு வாரம் அவர் மனத்துக்குள் ஓடிய வண்டியை நான்தான் ஓட்டியிருக்கிறேன். கிளட்சை மிதித்தது நான், கியர் போட்டது என் கை. அவர் எப்போதும் போல இடது பக்கம் ஜன்னலோரம் சாய்ந்து, என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் வார்த்தைகளையே நான் திருப்பிச் சொன்னேன் அல்லவா? அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் மனம் எங்கே உட்கார்ந்து பழகியிருந்ததோ அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டது. நான் வேண்டாமென்று விட்ட அந்த ஒரு வரிதான் அவரை வலது பக்கம் தள்ளியிருக்கக் கூடிய வரி. தமிழ் சரியில்லை என்று அதை எடுத்தவள் நான்.

பிசியோ பெண் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "இப்பவாவது தெரிஞ்சுதே, மாத்திக்கலாம் மேடம்" என்றாள். கேட் வரை அவள் பின்னாலேயே போனேன்.

"நான் மாத்தி எழுதாம இருந்திருந்தா கை வந்திருக்குமா?"

"தெரியாது மேடம். அப்பவும் வராம போயிருக்கலாம்."

"வந்தும் இருக்கலாம் இல்ல?"

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "தெரியாது மேடம்" என்று மறுபடியும் சொன்னாள். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னால் என் கணவர், நீ என்ன டாக்டரா, விடு என்கிறார்.

மறுநாள் போய் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளைக் காட்டி, இந்த வரியை நான்தான் எடுத்தேன், தப்பு என்னுடையது என்றேன். அவர் வலது கையால் இடது கையைத் தூக்கித் தலையணையில் சரியாக வைத்துக்கொண்டார்.

"இன்னா டீச்சர் இது. புதுசா ஓட்றவங்க எங்கனா ஒரு தபா இடிப்பாங்க. வுடுங்க" என்றார்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் என்னிடம் அப்படிப் பேசியதுதான் இன்றுவரை என்னைப் போட்டு அறுக்கிறது.

பழைய தாளுக்கே திரும்பினோம். இந்த முறை ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. தோள்பட்டையானது முன்னோக்கிச் சென்றது. டம்ளரைப் பிடிக்கச் சொன்னால் அவர் மனத்தில் அக்காவின் கை வந்து டம்ளரைப் பிடித்தது, மாவு காய்ந்த நகத்தோடு. கதவைத் திறக்கச் சொன்னால் யாரோ ஒரு பழைய மாணவரின் கை வந்து திறந்தது. எத்தனையோ ஆண்டுகளாகப் பிறர் கையையே பார்த்த கண்ணுக்குத் தன் கை எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. பிசியோ பெண் அந்தக் கையை வெந்நீரில் நனைத்தாள், பிரஷ்ஷால் தேய்த்தாள், அவர் கண் முன்னாலேயே வைத்துக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொன்னாள். அவரும் கீழ்ப்படிந்து பார்த்தார். அடுத்த வீட்டுக்காரரின் பொருளைப் பார்க்கிற மாதிரி மரியாதையோடு பார்த்தார்.

ஒரு நாள் வாசித்துக்கொண்டிருந்தபோது என்னை நிறுத்தினார்.

"இப்ப வந்துச்சி டீச்சர். என் கைதான். இங்க தழும்பு கீது பாருங்க, அது தெரிஞ்சிது."

"விடாதீங்க மாஸ்டர், பிடிச்சுக்கங்க."

அவர் புருவத்தை நெரித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே அக்கா கிரைண்டரை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார்.

"போய்ட்ச்சி" என்றார்.

அக்கா உள்ளே போய்க் கிரைண்டரைப் போட்டார். எனக்கு அடுத்த வரி எங்கே என்று தெரியவில்லை, எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. ஒரு மனிதரின் மண்டைக்குள் ஏறி அவரைத் தோளைப் பிடித்து இந்த நாற்காலியிலிருந்து அந்த நாற்காலிக்கு மாற்றி உட்கார வைக்க எனக்கு வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத்தான் முடிந்தது. அவர் காலடியில் இருந்தது போல என் காலடியில் ஒரு பிரேக் கூடக் கிடையாது.

இப்போது அவர்கள் சிட்லபாக்கத்தில் இல்லை. பொங்கல் கழிந்ததும் டிரைவிங் ஸ்கூல் முதலாளி வந்து ரொம்ப நேரம் பேசிவிட்டுக் காரை எடுத்துப்போனார். அக்கா தன் தம்பி இருக்கும் குன்றத்தூருக்கு மாவுக் கடையை மாற்றிக்கொண்டார். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மாஸ்டர் கடை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, மலைக்கோயிலுக்கு வருகிறவர்கள் வண்டியை ரிவர்ஸ் எடுத்தால், ஒடிங்க, நேரா விடுங்க என்று வலது கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். இடது கை மடியில் இருந்தது. இரண்டு தடவையும் அந்தக் கையைப் பற்றி நாங்கள் பேசவில்லை. மூன்றாவது தடவை போக எனக்குத் தைரியம் வரவில்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சர்ச்சில் காலை ஆராதனை முடிந்து வந்ததும், எனக்கு ஒரு யோசனை வந்தது. நாற்காலியும் கட்டிலும் போதும், நிஜமான வலது சீட்டிலேயே அவரை உட்கார வைத்துப் பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். என் காரை எடுத்தேன். மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கோ விசேஷத்துக்குப் போகிற மாதிரி கிளம்பினார். பழக்கம் போல இடது பக்கம் ஏறிக்கொண்டார். செம்பாக்கம் ஏரிக்குப் போகும் உள்தெருவில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"மாறி உட்காருங்க மாஸ்டர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காரைச் சுற்றி, பானெட்டைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்துபோய் வலது பக்கம் ஏறினார். நான் இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினேன். சீட் அவருக்கு ரொம்ப முன்னால் இருந்தது, பின்னால் நகர்த்திக் கொடுத்தேன். அவர் வலது கையால் இடது கையை எடுத்துக் கியர் மேல் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் குமிழைப் பிடிக்க வைத்தார். பிடி நிற்கவில்லை, ஆனாலும் கை அங்கேயே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

நான் தாளைக் கொண்டுபோகவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். சொன்னால் அவர் மறுபடி மாஸ்டராகிவிடுவார் என்று பயம். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. அவர் இடது கால் கிளட்சை மெதுவாக அழுத்தியது, மெதுவாக விட்டது. முகம் தெளிந்துகொண்டே வந்தது. ஆண்டவரே, ஓட்டுகிறார் என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

"எங்க இருக்கீங்க மாஸ்டர்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் தாண்டியாச்சு. கேம்ப் ரோடு வரப்போவுது."

"கை?"

"மூணாவதுல கீது. சொகமா போவுது."

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"யார் ஓட்டுறாங்க மாஸ்டர்?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் எனக்காக ஒரு பெருமை தெரிந்தது. முதல் தடவை நான் தனியாக யூ டர்ன் எடுத்தபோது தெரிந்த அதே பெருமை.

"நீங்கதான் டீச்சர். இப்பல்லாம் நல்லா ஓட்டறீங்க."

கீழே பார்த்தேன். அவருடைய வலது கால் பிரேக்குக்கு மேல், படாமல், ஒரு விரற்கடை உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. கியர் மேல் வைத்த கை நழுவி, சீட்டுகளுக்கு நடுவே விழுந்து கிடந்தது. அது விழுந்தது அவருக்குத் தெரியவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க? போங்க. நான் கீறேன் இல்ல" என்றார்.

"சரி மாஸ்டர்" என்றேன்.